உங்களுக்குத் தெரியுமா? சென்னை முதல் முட்டம் வரை: விளக்கும் மணலும்

ஈ.சி.ஆர். பயணம் என்றால் பலருக்கும் மாமல்லபுரத்தில் ஒரு மீன் வறுவல், புதுச்சேரியில் ஒரு ராத்திரி, அத்தோடு சரி. ஆனால் கடலை இடக்கையில் வைத்துக்கொண்டு தெற்கே போய்க்கொண்டே இருந்தால், கன்னியாகுமரியைத் தாண்டி முட்டம் பாறை வரைக்கும் கலங்கரை விளக்கங்கள் ஒன்று மாற்றி ஒன்று கூடவே வரும். அவை வெறும் வேடிக்கைக் கோபுரங்கள் அல்ல. பெரும்பாலானவை இன்று இரவும் எரியும். அவற்றின் காலடியில் இருக்கும் மணல்தான் நிற்பதே இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. வண்டியில் ஏறும்முன் தெரிந்துகொள்ளச் சில செய்திகள் இதோ.

★

மெரினாவில் நாம் பார்ப்பது சென்னையின் நான்காவது கலங்கரை விளக்கம். முதலாவது 1796இல் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் ஏற்றப்பட்டது. அதில் எரிந்தது தேங்காய் எண்ணெய்.

★

இரண்டாவது விளக்கு உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது. கிரேக்க பாணியில் உயர்ந்த ஒற்றைக் கருங்கல் தூண் அது. 1844இல் ஒளி தரத் தொடங்கியது. வழக்குக்காக வருகிற ஆயிரக்கணக்கானோர் அதைத் தாண்டிப் போகிறார்கள். என்னவென்று கேட்பவர்கள் குறைவு. பாரிமுனைப் பக்கம் போனால் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பாருங்கள்.

★

மூன்றாவது விளக்கு நீதிமன்றத்தின் தலை மேலேயே இருந்தது. 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மிக உயரமான குவிமாடத்தில் 1894 முதல் 1977 வரை விளக்கு எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது இந்த விளக்கின் காலத்தில்தான். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு நீதிமன்ற மதிலில் இருக்கிறது.

★

1977 ஜனவரி 10இல் எரியத் தொடங்கிய மெரினா விளக்கு முக்கோண வடிவம் கொண்டது. லிஃப்ட் வசதியும் உண்டு. பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்து, 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மறுபடி திறக்கப்பட்டது.

★

மணலில் நிற்கும்போது அடிவானம் உங்களிடமிருந்து எவ்வளவு தூரம்? வெறும் நாலரை கிலோமீட்டர்தான். பூமி உருண்டை, அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் வளைவுக்குக் கீழே இறங்கிவிடும். 45 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றால் அதே கண்ணுக்கு 24 கிலோமீட்டர் வரை கடல் தெரியும். கணக்கு எளிது: கடல்மட்டத்திலிருந்து கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். எவ்வளவு பெரிய விளக்கானாலும் உயரம் இல்லையென்றால் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம். கோபுரம் கட்டுவதும் குன்றைத் தேடுவதும் இதற்காகத்தான்.

★

மெரினா கடற்கரை துறைமுகம் போட்ட பிள்ளை. சென்னைத் துறைமுகம் வருவதற்கு முன் அலை கோட்டைக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு அகன்ற மணல் கிடையாது. 1870களில் கடலுக்குள் துறைமுகச் சுவர்களை எழுப்பத் தொடங்கினார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும் என்றாலும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துகொண்டே போனது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார்.

சரி, வடக்குப் பக்கம்? அங்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு தாண்டி வடசென்னை மீனவக் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையை இழந்து, பாறாங்கல் கொட்டிய தடுப்புக்குப் பின்னால் வாழ்கின்றன. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நகரத்தில் ஒரு கரைக்குக் கிடைத்த அழகுக்கு இன்னொரு கரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

★

துறைமுகம் இல்லாத நாளில் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாப் படகில். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. பேரலை மோதும்போது ஆணி அடித்த படகு உடையும். தைத்த படகோ நெளிந்துகொடுத்துத் தப்பிக்கும். அந்த அலையைத் தாண்டித் துடுப்புப் போட இந்தக் கரையின் மீனவர்களால்தான் முடிந்தது. கவர்னர்களும் அவர்களை நம்பித்தான் கரை சேர்ந்தார்கள்.

★

பெசன்ட் நகர் கடற்கரையின் வெள்ளை வளைவு, நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930 டிசம்பரில் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். சினிமாவில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள்.

★

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் சென்னைக் கரைகளுக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூறு முட்டை வரை இருக்கும். ஏழெட்டு வாரத்தில் உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யார் சொல்வது? வெளிச்சம்தான். இயற்கையான இரவில் நிலத்தைவிடக் கடலின் அடிவானம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். குஞ்சுகள் அதைப் பார்த்து ஓடும். கரையோர ஓட்டல்களும் தெருவிளக்குகளும் அதைவிடப் பளிச்சென்று எரிந்தால் குஞ்சுகள் சாலையை நோக்கி வந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும், இல்லையென்றால் காலை வெயிலில் காய்ந்து சாகும்.

இதைத் தடுக்கச் சென்னை மாணவர்கள் பல பத்தாண்டுகளாக ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்து வேலி போட்ட பாதுகாப்புக் குழியில் வைத்து, குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். வாரக்கடைசி நடைகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். போனால் டார்ச்சும் செல்போன் ஃபிளாஷும் வேண்டாம். கடலைப் பார்த்த அறையில் தங்கினால், படுக்கும்முன் பால்கனி விளக்கை அணைத்துவிடுங்கள். கப்பலுக்கு வழிகாட்டுவதும் விளக்குதான், இந்தக் குஞ்சுகளைக் கொல்வதும் விளக்குதான்.

★

ஆமைகள் நுரையீரலால் மூச்சுவிடும் உயிர்கள். இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வரமுடியாமல் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது நகரமே அதிர்ந்தது.

★

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி திருவான்மியூர் முதல் ஈ.சி.ஆர். கரை வரை அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் மிதவை உயிரி; தண்ணீர் கலங்கினால் மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் அது மிதமிஞ்சிப் பெருகுவது கடலுக்கு நல்ல சேதி அல்ல என்கிறார்கள் கடலியலாளர்கள்.

★

சென்னைக்கு அடுத்த கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்போர், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி என்று 33 விதிகளுக்கு உட்பட்டால்தான் அந்தக் கொடியைப் பறக்கவிடலாம்.

★

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் புலிக்குகைக்கு எல்லாரும் போகிறார்கள். பக்கத்திலேயே சாளுவன்குப்பத்தில் ஒரு செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே கூட்டமே கிடையாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை வாரிக்கொண்டு போனபோது ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை 2005இல் தோண்டியது. பல்லவர் காலக் கோயில் கிடைத்தது. அதற்கும் அடியில் சங்ககாலத்தது என்று கருதப்படும் செங்கல் கட்டுமானம். முன்னால் கல்லில் செய்த வேல். கடல் மூடியதைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு மணி நேரம் குறைத்தாவது இங்கே போகவேண்டும் என்பேன்.

★

மாமல்லபுரத்தில் இரண்டு விளக்குகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் உள்ள எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கோயில், ஒலக்கண்ணேசுவரம். புதிய கோபுரம் வரும்வரை பிரிட்டிஷார் அதன் மேல்தான் விளக்கேற்றினார்கள். பிறகு பக்கத்துப் பாறையில் உள்ளூர்க் கல்லைக்கொண்டு வட்டக் கோபுரம் எழுப்பினார்கள். 1904 முதல் எரிகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். கடைசிப் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே உள்ள அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய விளக்குக் கருவிகளை அங்கே கிட்டத்தில் பார்க்க முடியும்.

★

இந்தக் கரையில் விளக்கேற்றுவது பிரிட்டிஷார் கொண்டுவந்த வழக்கம் அல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகம் வருகிறது. ஏணி சாத்தியும் ஏறக் கடினமான உயரமான மாடம், கூரை வேயாத அதன் உச்சியில் இரவில் கொளுத்திய நெருப்பு, அதைப் பார்த்துக் கரைக்கு வரும் கலங்கள் என்று உருத்திரங்கண்ணனார் நேரில் கண்டதுபோல் சொல்கிறார். அந்தத் துறை மாமல்லபுரம்தான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

★

பகலில் விளக்கறைக்குள் திரை போட்டு வைப்பது ஏன் தெரியுமா? லென்ஸைக் காப்பாற்ற. விளக்கின் ஒளியைக் குவித்து வெளியே அனுப்புகிற அதே கண்ணாடி, பகலில் வெயிலைக் குவித்து உள்ளே அனுப்பும், விளக்கே பொசுங்கிவிடும். இந்த லென்ஸை வடிவமைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல். பிரான்சின் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஒரே கனத்த கண்ணாடிக்குப் பதில் வளையம் வளையமாகப் பட்டகங்களை அடுக்கினார். எடை குறைந்தது, ஒளி பல மடங்கு தூரம் போனது. அப்படியும் பெரிய லென்ஸ்கள் டன் கணக்கில் இருந்தன. அவற்றைச் சுற்றவைக்க, பாதரசம் நிரப்பிய தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினாலே அத்தனை எடையும் சுழலும்!

★

எல்லா விளக்கும் ஒரே மாதிரி மின்னுவதில்லை. ஒன்று பத்து நொடிக்கு ஒரு மின்னல் தரும். இன்னொன்று இரண்டு மின்னல் அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு இருட்டாக நிற்கும். எந்த விளக்கு எப்படி மின்னும் என்பது கடல் வரைபடத்தில் அச்சாகியிருக்கும். கப்பல் அதிகாரி கடிகாரத்தை வைத்து எண்ணினால் எந்த ஊருக்கு எதிரே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இரவில் எங்கே தங்கினாலும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் எண்ணச் சொல்லுங்கள். அடுத்த ஊரில் எண்ணிக்கை மாறியிருக்கும்.

பகலுக்கும் அடையாளம் உண்டு. சில கோபுரங்கள் சிவப்பு வெள்ளைப் பட்டை, சில கறுப்பு வெள்ளைப் பட்டை. அது அழகுக்காக அடித்த பெயின்ட் அல்ல.

★

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கிடைத்தது. பத்தே ஆண்டில், 1760இல் பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். உப்பங்கழியும் கடலும் இருபுறமும் இருக்க, மிச்சமான செங்கல் சுவர்கள் மணலில் நிற்கின்றன. நிழல் கிடையாது, காலையில் போவதுதான் சரி.

★

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பழைய விளக்கு 1836 ஜூலை 1இல் எரியத் தொடங்கியது. 1979இல் புதிய கோபுரம் வந்ததும் ஓய்வு பெற்றது. ஆனால் இந்த ஊரில் என்னை அதிகம் பாதிப்பது மணல் கதைதான். 1980களின் முடிவில் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. சென்னையில் நடந்ததே இங்கும்: வடக்கே மணல் வரத்து நின்றது. நகரக் கடற்கரையே காணாமல் போய், கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடற்கரை என்றாலே பாறைதான் என்று நினைத்து வளர்ந்தார்கள். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கரைக்கருகே நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டை இறக்கியது. அலை அதில் மோதி வேகம் குறைய, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பி வந்தது. இன்று அங்கே கால் நனைத்து விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கிறபோது, போன கரையை மீட்க முடியும் என்ற நம்பிக்கை வருகிறது. மற்ற ஊர்களுக்கும் இந்த நியாயம் கிடைக்க வேண்டும்.

★

பூம்புகாருக்குப் பகலில் போகிறவர்கள் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் நல்லது. புகார்க் கடற்கரையின் ராத்திரியை இளங்கோ விளக்குகளைக் கொண்டே வரைந்திருக்கிறார். சந்தனமும் பூவும் விற்பவர்களின் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு விற்பவர்களின் விளக்கு, அப்பம் சுடுபவர்களின் அகல், மீன் விற்கிற இடத்தின் விளக்கு, மீன்பிடிக்கப் போன திமில்களின் விளக்கு, வேற்றுநாட்டார் அணையாமல் வைத்த விளக்கு, பண்டசாலைக் காவலரின் விளக்கு. அந்த வரிசையில் கலங்கரை விளக்கமும் ஒன்று. கலங்கரை விளக்கத்தையும் அப்பம் சுடுபவர் ஏற்றிய அகலையும் ஒரே வரிசையில் வைத்ததற்காகவே அந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும்.

அருகில் கீழையூரில் தோண்டியபோது செங்கல் படகுத்துறையும், படகைக் கட்ட நட்ட மரக்கம்பத்தின் அடியும் கிடைத்தன. அந்த மரத்தின் காலம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு.

★

தரங்கம்பாடிக் கரையில் டென்மார்க் நாட்டவரின் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் கட்டத் தொடங்கினார்கள். 1845இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயில் எழுந்தபோது அலை எவ்வளவு தள்ளி இருந்திருக்கும் என்று அங்கே நின்று யோசித்தால் இந்தக் கரையின் கதை முழுதும் விளங்கும்.

★

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பாஸ்போர்ட் வேண்டும்.

★

கோடிக்கரை என்றதும் பொன்னியின் செல்வன் வாசகர்களுக்குப் பூங்குழலி நினைவுக்கு வருவாள். அவள் தந்தை தியாகவிடங்கர் கலங்கரை விளக்கக் காவலர். கல்கி வெறும் கற்பனையில் அந்த விளக்கை வைக்கவில்லை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் செங்கல் சிதைவு அங்கே உண்மையிலேயே இருந்தது. 2004 ஆழிப்பேரலை அதை உடைத்துப் போட்டது. அவ்வளவு காலம் நின்றதை ஒரு காலைப்பொழுதில் இழந்தோம். காடு, வெளிமான், குளிர்காலத்தில் பூநாரை எல்லாம் கோடிக்கரையில் இருக்கின்றன. அந்த விளக்குதான் இல்லை.

★

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுவே இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்பும். எழுப்பியது ஆட்களின் கைபலம். 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி கிடைமட்டமாக அப்படியே மேலே போகும். ரயில் பாலத்தைப் பார்க்கச் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். நெரிசல், ஆபத்து. பாலம் தாண்டிக் கீழே இறங்கிப் பாருங்கள்.

★

ராமேசுவரம் தீவில் வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். தனுஷ்கோடிச் சாலையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் தெரியும்: ஒருபுறம் அலையே இல்லாத நீர், மறுபுறம் கொந்தளிப்பு. வாடைக்காற்று காலத்தில் வடக்குப் பக்கமும் குணம் மாறிவிடும். அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு நீரோட்டங்கள் மோதுகிற இடம்.

★

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி ஊரும், அதை நோக்கிப் போன பாசஞ்சர் ரயிலும் கடலோடு போயின. அதுவரை சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கார் போகிறது. இப்போது உயரமான புதிய கலங்கரை விளக்கமும் வந்துவிட்டது. குடிநீர்க் குழாய் இல்லாத அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பதைப் பாருங்கள். அலையிலிருந்து நடக்கிற தூரத்தில் கையால் ஒரு குழி தோண்டுவார்கள். முதலில் ஈரமணல், பிறகு ஓரத்திலிருந்து நீர் கசிந்து அடியில் தேங்கும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடித்தால் உப்பே கரிக்காது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதுதான் காரணம். ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். எவ்வளவு போதும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

★

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்காமல் கிளம்பாதீர்கள். முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக் கருவும்தான் சேர்மானம். டப்பா காற்றுப் புகாததாக இருக்கட்டும். கடற்காற்று பட்டால் நமத்துவிடும்.

★

திருச்செந்தூருக்குத் தெற்கே சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் செக்கச்செவேல் என்று தேரிக்காடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல். இரும்புத் துரு பூசியதால் சிவப்பு.

★

மணப்பாட்டில் கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. கலங்கரை விளக்கமும் அங்கேதான். 1542இல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் குன்றின் கடல் பக்கத்தில் உண்டு. எதிர்ப்பக்கம் அமைதியான கழி. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஊரில்தான் இறங்க நேரம் இருக்கிறது என்றால் நான் மணப்பாட்டைத்தான் சொல்வேன்.

அதற்கு வடக்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து நேரே தெற்கே போகலாம். அதே நாளில் தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான் நாடெங்கும் 75 கலங்கரை விளக்கங்களின் சுற்றுலா வசதிகளும் அர்ப்பணிக்கப்பட்டன.

★

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்கள். 2024 டிசம்பர் 30 முதல் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது.

★

ஒரே நாளில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம். அடிவானம் மேகமில்லாமல் இருக்க வேண்டும். மணலில் நின்றபடி முதல் சிவப்புக் கீற்றைக் கண்டதும் சட்டென்று படுத்துவிடுங்கள். கண் தாழ்ந்ததும் சூரியன் மறையும். சில நொடியில் மறுபடி உதிக்கும். மேலே சொன்ன அதே அடிவானக் கணக்குதான்.

★

பௌர்ணமி மாலையில் சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தை ஒட்டியே நிலா கிழக்கே எழும்பும். பூமிக்கு இருபுறமும் நேரெதிரே இரண்டும் இருப்பதால் அப்படி. கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது. மற்ற மாதங்களில் போங்கள். நிலா அதே நிலாதான்.

★

குமரிக் கரையில் கறுப்பு, சிவப்பு மணல் கோடு கோடாகக் கிடக்கும். கறுப்பில் இல்மனைட், சிவப்பில் கார்னெட். மணவாளக்குறிச்சிப் பக்கம் மோனசைட்டும் உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. 1909இல் தென்னை நாரோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன மணலை ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் கவனித்ததிலிருந்து இந்தக் கரை உலகத்தின் கண்ணில் பட்டது.

★

1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை முறியடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவரான தி லெனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னருக்கே படைத்தளபதியானார். குமரிக் கரையில் உள்ள வட்டக்கோட்டையைக் கருங்கல்லில் பலப்படுத்தியது அவர் மேற்பார்வையில். அதன் மதில் கடலுக்குள்ளேயே நீள்கிறது.

★

முட்டத்தில் மணலைவிடப் பாறைதான் அழகு. 1981இல் வந்த அலைகள் ஓய்வதில்லை படத்தில் பாரதிராஜா காட்டிய ஊர் இது. பாறைமேட்டின் மேல் கலங்கரை விளக்கம். ராத்திரியில் கப்பலுக்கு என்றால், பகலில் மீனவர்களுக்கும் இந்தக் கோபுரம் வேலை செய்கிறது. நடுக்கடலில் நல்ல மீன் கிடைக்கும் பார் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். நீருக்கடியில் இருக்கும் அந்தப் பாறையை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் விளக்குக் கோபுரத்தையும் பின்னால் ஒரு மலை முகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார்கள். இன்னொரு திசையில் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரு பனைக்கூட்டத்தையும் சேர்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலையை இறக்கலாம். ஜி.பி.எஸ். வந்துவிட்டது, ஆனால் அந்தக் கணக்கை மனசில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். கரையில் காயும் வலையை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

★

பெரும்பாலான கலங்கரை விளக்கங்களை மதியம் இடைவேளை விட்டு மாலையில் திறந்து, இருட்டும்முன் மூடிவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. காற்று பலமாக இருந்தால் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள், வாதாட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடபகுதிக் கரைக்குப் போகவே வேண்டாம். தை முதல் மாசி வரை நல்ல நேரம். ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்தால் முட்டத்திலிருந்து வண்டியைத் திருப்பாமல் மேற்கே விடுங்கள். கேரளத்துக் கோவளத்தில், 1972இல் கட்டிய விழிஞ்ஞம் விளக்கும் ஏறிப் பார்க்கத் தக்கது.